தாபோர் மலையின் ஒளி

எகிப்தில், சினாய் மலையடிவாரத்தில் புனித கத்தரீன் மடாலயம் உள்ளது. 6-ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் எழுப்பிய அதன் ஆலயத்தில், பீடத்திற்கு மேலே கவிந்த சுவரில், கண்ணாடிச் சில்லுகளால் ஆன ஓவியம் ஒன்று இன்றும் ஒளிர்கிறது. ஏசுநாதர் மூன்று சீடர்களை மலைமீது அழைத்துச் சென்றபோது அவரது திருமுகம் கதிரவனைப்போல் ஒளிர்ந்தது என்று பைபிள் கூறும். மரபு அம்மலையைத் தாபோர் என்கிறது. அக்காட்சியே இவ்வோவியம்.

ஆனால் இதில் மலையில்லை, மரமில்லை, வானமுமில்லை, எங்கும் பொன். பைசாந்தியக் கலைஞர்கள் பொன் தகட்டைக் கண்ணாடி அடுக்குகளுக்கிடையே பொதிந்து, சில்லுகளாக்கிப் பதித்தனர். விளக்குச் சுடர் அசைந்தால் சுவரே அசைந்தொளிரும். அவர்களது திருவுருவங்கள்மீது வெளியிலிருந்து வெளிச்சம் விழுவதில்லை; எனவே நிழலும் இல்லை.

ஏசுநாதரைச் சூழ்ந்துள்ள நீலப் பிரபை வியப்பிற்குரியது. விளிம்பில் வெளிறிய நீலம், அவரை நெருங்க நெருங்க இருள்கிறது! இறைவனை அணுகுந்தோறும் அவன் அறிவிற்கு எட்டாதவன் என்பதே தெளிவாகும் என்றார் 4-ஆம் நூற்றாண்டின் நீசா நகர கிரெகோரி. அவர் கூறிய 'ஒளிரும் இருள்' இங்கே நிறமாகியுள்ளது எனலாம்.

எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னர் அவ்வொளி பற்றிப் பெரும் விவாதம் எழுந்தது. ஏதோஸ் மலைத் துறவியர் மூச்சோடு இணைத்து ஏசு நாமத்தை ஜபித்தனர். சிலர் தாபோரின் ஒளியையே கண்டதாகக் கூறினர். அது படைக்கப்பட்ட, மறையக்கூடிய வெளிச்சமே என்றார் தத்துவ அறிஞரான பர்லாம். அது உண்மையானால், துறவியர் கண்டது ஒரு பொருளை, இறைவனை அல்ல. அவர்களது வாழ்நாள் தவத்திற்கு என்ன பொருள்?

துறவியருக்காக வாதாடினார் கிரெகோரி பலமாஸ். இறைவனது சாரம் யாருக்கும் எட்டாது. ஆயினும் அவனது 'எனெர்கியா' அவனினின்று வேறன்று, படைக்கப்பட்டதுமன்று. அதுவே அந்த ஒளி என்றார். இச்சொல்லைச் 'சக்தி' என மொழிபெயர்க்க மனம் விரும்புகிறது. ஆனால் நம் சாஸ்திரங்களில் அச்சொல்லுக்குள்ள பொருள்கள் அனைத்தும் உடன் வந்துவிடும். 'செயல்' என்பதே பொருத்தம். கான்ஸ்டான்டிநோபிளில் 1341-லும் 1351-லும் கூடிய சபைகள் பலமாஸின் கருத்தை ஏற்றன.

மலைமீது ஏசுநாதர் மாறவில்லை, சீடர்களின் கண்களே மாறின என்பதும் அவரது விளக்கம். சினாய் ஓவியத்தில் ஏசுநாதர் அசைவற்று நிற்கிறார். யாக்கோபும் யோவானும் இருபுறமும் மண்டியிட்டுள்ளனர். பேதுரு அவரது திருவடியின்கீழ்க் குப்புற வீழ்ந்து கிடக்கிறார்.