கறுப்பாக வந்தால் மட்டும் மாக்னடைட் ஆகிவிடாது

கேள்வி: ஃபெரஸ், ஃபெரிக் குளோரைடுகளைச் சரியாக 1:2 என்றுதான் எடைபோட்டோம். அம்மோனியா ஊற்றியதும் கறுப்பு வீழ்படிவு வந்தது. கழுவி, அடுப்பில் உலர்த்தி எடுத்தால் பழுப்பாக இருக்கிறது. எங்கே தவறு?

பதில்: தராசில் இருந்த 1:2 வீழ்படிவாகும் நொடியில் பாத்திரத்துக்குள் இருந்ததா என்பதுதான் கேள்வி. மாக்னடைட்டில் ஒரு பங்கு ஃபெரஸுக்கு இரண்டு பங்கு ஃபெரிக். இதில் ஃபெரிக் அப்படியே நிற்கும், ஃபெரஸ் நிற்காது. முதலில் பாட்டிலைப் பார்க்க வேண்டும். ஃபெரஸ் குளோரைடு படிகங்கள் வெளிர்பச்சையாக இருக்க வேண்டியவை. மேலே மஞ்சளோ பழுப்போ படிந்திருந்தால் ஒரு பகுதி ஏற்கெனவே ஃபெரிக் ஆகிவிட்டது, எடை பொய்யாகிவிடும். உப்பு நல்லதாக இருந்தாலும் நீரில் கரைந்த ஆக்சிஜன் காத்திருக்கிறது. அமிலத்தில் ஃபெரஸ் ஓரளவு தாங்கும். அதனால்தான் அதை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைக்கிறார்கள். காரம் சேர்ந்ததுமே ஆக்சிஜனேற்றம் பல மடங்கு வேகமெடுக்கும்.

அடிக்கடி நடக்கும் பிழை இதுதான்: இரும்புக் கரைசலில் அரைமணி நேரம் நைட்ரஜன் செலுத்துவார்கள், பிறகு திறந்தே கிடந்த அம்மோனியாக் கரைசலை அதில் ஊற்றுவார்கள். துரத்திய ஆக்சிஜனைத் தாங்களே திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் இது. கரைசல், காரம், கழுவும் நீர் மூன்றும் கொதிக்கவைத்து, நைட்ரஜன் ஓடவிட்டு ஆறவைத்தவையாக இருக்க வேண்டும். வினை முடிந்து பாத்திரம் ஆறும்வரை வாயுவை நிறுத்தக் கூடாது. அதன்பின் காற்றுள்ள அடுப்பில் உலர்த்தினால் அத்தனை பாடும் வீண். 10 நானோமீட்டர் துகளில் இரும்பின் கணிசமான பகுதி மேற்பரப்பிலேயே இருப்பதால், அங்கிருந்து தொடங்கி, இரும்பெல்லாம் ஃபெரிக்காகவே உள்ள மாக்ஹெமைட்டாக மாறிவிடும். வெற்றிட உலர்த்தியே சரி.

'நைட்ரஜன் சூழலில் தயாரிக்கப்பட்டது' என்று ஆய்வேடுகளில் ஒரு வரி எழுதிவிடுகிறார்கள். எப்போதிலிருந்து எப்போதுவரை, எந்தெந்தக் கரைசலுக்கு என்று எழுதுவதில்லை. அடுத்தவரால் அதே துகளைச் செய்ய முடியாமல் போவதற்குப் பெரிய காரணம் இந்த மௌனம்தான். இவ்வளவுக்கும் மாக்ஹெமைட் மட்டமான பொருளல்ல. காற்றில் நிலைத்து நிற்கும், காந்தத்தன்மையும் நன்றாகவே உண்டு. பருப்பொருளாக மாக்னடைட்டின் தெவிட்டு காந்தமாக்கம் கிராமுக்குச் சுமார் 92 எமு என்றால் இதற்குச் சுமார் 76. அதைச் செய்துவிட்டு மாக்னடைட் என்று பெயரிடுவதுதான் குற்றம்.

கேள்வி: காந்தம் காட்டினால் ஓடிவந்து ஒட்டுகிறது. மாக்னடைட்தானே?

பதில்: மாக்ஹெமைட்டும் ஒட்டும்.

கேள்வி: எக்ஸ்ஆர்டி வரைபடம் மாக்னடைட் அட்டையோடு பொருந்துகிறதே?

பதில்: மாக்ஹெமைட் அட்டையோடும் ஏறக்குறைய பொருந்தும். அணிக்கோவை அளவு மாக்னடைட்டுக்கு 0.8396, மாக்ஹெமைட்டுக்கு 0.8346 நானோமீட்டர். இந்தச் சிறு வித்தியாசம் நானோ துகள்களின் அகன்ற உச்சிகளுக்குள் மறைந்துபோகும். மோஸ்பவர் நிறமாலையோ, துகளைக் காற்றுப்படாமல் அமிலத்தில் கரைத்து ஃபெரஸின் அளவைத் தரம்பார்ப்பதோ வேண்டும்.

கேள்வி: ஒரே செய்முறைதான். ஒருமுறை 8 நானோமீட்டர், மறுமுறை 15. ஏன்?

பதில்: ஊற்றிய வேகமும் கலக்கிய விதமும் குறிப்பேட்டில் இல்லையென்றால் அது ஒரே செய்முறை அல்ல. லாமெரும் டினெகரும் 1950-இல் விளக்கிய கருத்து இன்றும் வழிகாட்டுகிறது: மிகைத்தெவிட்டல் ஒரே வீச்சில் உயர்ந்தால் கருக்கள் ஒருசேரப் பிறக்கும், எல்லாம் ஒன்றாக வளர்வதால் அளவும் ஒத்திருக்கும். காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் பிஎச் மெல்ல ஏறும். முன்னால் பிறந்த கரு வளர்ந்துகொண்டிருக்கும்போதே புதுக் கரு பிறக்கும். இடையில் கோதைட் போன்ற வேண்டாத நிலைகளும் தலைகாட்டும். பிஎச், கரைசலின் அயனி வலிமை இரண்டும் கூடினால் துகள் சிறுக்கும். வேசியர்ஸ் குழுவினர் 1998-இல் இவ்விரண்டையும் மாற்றியே 1.6 முதல் 12.5 நானோமீட்டர் வரை அளவைக் கட்டுப்படுத்திக் காட்டினார்கள்.

இன்னொன்று, காந்தக் கலக்கியை விட்டுவிட வேண்டும். பிறந்த துகள்கள் சுழலும் காந்தப் பட்டையிலேயே அப்பிக்கொள்ளும். கலக்கல் மந்தமாகும், விளைச்சலும் குறையும். மேலிருந்து இறங்கும் மோட்டார் கலக்கிதான் இதற்கு.

கேள்வி: அம்மோனியாவா, சோடியம் ஹைட்ராக்சைடா?

பதில்: எதுவும் சரி. ஆய்வின் நடுவில் மாற்றாமல் இருந்தால் போதும்.

கேள்வி: 20 நானோமீட்டர் அளவில் சீரான துகள்கள் வேண்டும். நீரில் செய்யும் இந்த இணைவீழ்படிவின் வெப்பநிலையை ஏற்றினால் கிடைக்குமா?

பதில்: அந்தச் சீர்மை நீரில் எளிதில் வராது; வெப்பச் சிதைவு முறைக்குப் போவது நல்லது. சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஹியோன் குழு 2004-இல் வெளியிட்ட முறையில் இரும்பு ஓலியேட்டைக் கொதிக்கும் கரிமக் கரைப்பானில் சிதைக்கிறார்கள். அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கரைப்பானின் கொதிநிலை: சுமார் 274 டிகிரியில் கொதிக்கும் ஹெக்சாடெசீனில் 5 நானோமீட்டர், 317-இல் கொதிக்கும் ஆக்டாடெசீனில் 12, 365-இல் கொதிக்கும் ட்ரைஆக்டைல்அமீனில் 22. சூடேற்றும் வேகத்தையும் பிடித்துவைக்க வேண்டும். அவர்கள் நிமிடத்துக்கு 3.3 டிகிரி வீதம் ஏற்றினார்கள். விலையும் உண்டு. துகள் ஓலியிக் அமிலம் போர்த்தி வருவதால் நீரில் கலக்காது. மேலுறையை மாற்றியாக வேண்டும். ஆக்சிஜன் குறைந்த சூழலில் ஊஸ்டைட் என்ற இரும்பு ஆக்சைடும் உள்ளே கலந்துவிடும். அது காந்தமாக்கத்தைக் குறைக்கும்.

கேள்வி: கழுவி நடுநிலைக்குக் கொண்டுவந்ததும் எல்லாம் கட்டியாகி அடியில் உட்கார்ந்துவிடுகிறது. துகள் பெரிதாகிவிட்டதா?

பதில்: இல்லை, பயப்பட வேண்டாம். பிஎச் 7-ஐ ஒட்டி மாக்னடைட் மேற்பரப்பின் மின்சுமை ஏறக்குறைய இல்லாமல் போகும். விலக்குவிசை இல்லாததால் துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. மாசார்ட் 1981-இல் எந்தப் பூச்சும் இல்லாமலே அமிலத்திலும் காரத்திலும் நிலைக்கும் காந்தத் திரவங்களைச் செய்தது, மேற்பரப்புக்கு மின்சுமையை ஏற்றித்தான். நடுநிலையிலேயே வேண்டுமென்றால் சிட்ரிக் அமிலம் பூசலாம். எதைச் செய்தாலும் ஈரமாக இருக்கும்போதே செய்ய வேண்டும். ஒருமுறை காய்ந்து இறுகிய தூளை எவ்வளவு நேரம் மீயொலியில் வைத்தாலும் தனித்தனித் துகளாகப் பிரிப்பது கடினம்.