வீட்டை விட்டுப் போன பிள்ளை



கர்ப்பிணிக்குச் சத்து மாத்திரை கொடுப்பது குடும்ப நலம். கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போடுவது குடும்ப நலம். அப்படிப் பார்த்துப் பார்த்து வளர்த்த பிள்ளை 15 வயதில் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு சொல்லாமல் கிளம்பிவிட்டால் என்ன செய்வது? அந்த நிலை வராமல் காப்பதும், வந்துவிட்டால் பிள்ளையைப் பத்திரமாக மீட்பதும் குடும்ப நலமே ஆகும்.

நம் ஊருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சேரப்பணஞ்சேரி வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் உள்ள ஊர். ஏரியும் நெல்லுமாக இருந்த வட்டாரம் இது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. இன்று விடியற்காலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகின்றன. சாலையோரம் எங்கும் ஹாஸ்டல், மெஸ், டீக்கடை.

"ஒரகடம் போனா எப்படியும் ஒரு வேலை கிடைச்சிடும்" என்ற பேச்சு தூர ஊர்களிலும் இருக்கிறது. அதை நம்பிப் பெரியவர்கள் வருவார்கள். வீட்டில் கோபித்துக்கொண்டு கிளம்பிய பிள்ளையும் வரலாம். நம் ஊர்ப் பிள்ளை ஒன்று தாம்பரத்திலோ எழும்பூரிலோ ரயிலேறிவிடவும் கூடும். ஆகையால் நாம் இரண்டு பக்கமும் கண்விழித்திருக்க வேண்டும்.

பிள்ளை ஏன் கிளம்புகிறது?

"கொழுப்பெடுத்துப் போயிட்டான்" என்று சொல்லிவிடுவது சுலபம். காரணம் பெரும்பாலும் வீட்டுக்குள்ளோ பள்ளியிலோ இருக்கும்.

1. குடித்துவிட்டு வரும் தகப்பனின் அடி, உதை.
2. பரீட்சையில் தவறிய பயம், பிறர் முன் திட்டு வாங்கிய அவமானம்.
3. பெண் பிள்ளைக்கு 18 வயது நிரம்பாமலே பேசி முடிக்கும் கல்யாணம்.
4. உறவினரோ அறிந்தவரோ செய்யும் பாலியல் தொல்லை. இதை வெளியில் சொல்ல முடியாமல்தான் சில பிள்ளைகள் ஓடுகின்றன.
5. செல்போனில் பழகியவரின் ஆசை வார்த்தை.

"அடிக்கிற கைதான் அணைக்கும்" என்பார்கள். அணைப்பே இல்லாமல் அடி மட்டும் விழும் வீட்டில் பிள்ளை எத்தனை நாள் தங்கும்?

கிளம்புவதற்கு முன் அறிகுறிகள் உண்டு. சாப்பாடு குறையும், தூக்கம் கெடும், பேச்சு நின்றுவிடும், பள்ளிக்குப் போக மறுக்கும். அப்போதே பக்கத்தில் உட்கார வைத்து, "என்னப்பா ஆச்சு? நான் திட்ட மாட்டேன், சொல்லு" என்று கேளுங்கள். நமக்குச் சொல்லத் தெரியவில்லை என்றால் 104-க்குப் போன் செய்தால் சுகாதார ஆலோசனை கிடைக்கும். மனக்கவலைக்கு என்றே 14416 என்ற எண் 2022 முதல் இயங்குகிறது.

தெருவில் என்ன நடக்கிறது?

கையில் இருக்கும் காசு ஓரிரு நாளில் தீர்ந்துவிடும். பிறகு பட்டினி, கெட்ட தண்ணீர், வயிற்றுப்போக்கு, சொறி சிரங்கு. தூக்கமில்லாத பிள்ளைக்குப் பசியை மறக்க யாராவது கஞ்சாவோ, முகர்ந்து பார்க்கும் சொல்யூஷனோ நீட்டுவார்கள். "நான் வேலை வாங்கித் தரேன், வா" என்று அழைப்பவர் எல்லோரும் நல்லவர் அல்ல. அதனால்தான் முதல் நாளே முக்கியமான நாள்.

பிள்ளையைக் காணவில்லையா?

"நாலு பேருக்குத் தெரிஞ்சா மானம் போயிடும், தானா வந்திடுவான்" என்று காத்திருக்காதீர்கள். மானத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உடனே காவல் நிலையம் போங்கள். "ஒரு நாள் பொறுத்துப் பார்ப்போம்" என்று சட்டத்தில் இல்லை. காணாமல் போன குழந்தை பற்றிய புகாரை வழக்காகப் பதிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் உத்தரவிட்டது. அண்மைப் புகைப்படம், உடுத்திய உடை, அங்க அடையாளம், போன் எண், நண்பர்கள் பெயர் ஆகியவற்றைக் கொடுங்கள். 1098-க்கும் சொல்லுங்கள். ரயிலில் போயிருக்கலாம் என்றால் 139-க்கும் சொல்லுங்கள்.

1098 என்பது குழந்தைகளுக்கான இலவச உதவி எண். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். 1996-இல் மும்பையில் தெருக் குழந்தைகளுக்காகத் தொடங்கியது. 2023 முதல் அரசே நடத்துகிறது. பிள்ளையே நேரில் போன் செய்து பேசலாம். அமெரிக்காவில்கூட ஓடிப் போகும் பிள்ளைகளுக்கு என்றே 1974-இல் தனிச் சட்டம் போட்டார்கள். பணக்கார நாட்டிலும் உள்ள துன்பம் இது. எந்தக் குடும்பமும் வெட்கப்பட வேண்டியதில்லை.

தனியாக நிற்கும் பிள்ளையைக் கண்டால்?

காலை 5 மணிக்குப் பஸ் நிறுத்தத்தில் ஒரு பையன். பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். டீக்கடைக்காரர் என்ன செய்யலாம்?

• முதலில் ஒரு டீயும் பன்னும் கொடுங்கள். "தம்பி, எந்த ஊரு? சாப்பிட்டியா?" என்று மெதுவாகக் கேளுங்கள். "ஓடி வந்தியா?" என்று அதட்டாதீர்கள்.
• 1098-க்கோ 112-க்கோ போன் செய்யுங்கள். ஆள் வரும்வரை கூட இருங்கள்.
• போட்டோ எடுத்துப் பலருக்கும் அனுப்பாதீர்கள். யாரிடமிருந்து தப்பி வந்ததோ, அவர் கண்ணிலேயே படக்கூடும்.
• "என் பையன்தான்" என்று யாராவது வந்தால் உடனே ஒப்படைத்துவிடாதீர்கள். காவலர் விசாரிக்கட்டும்.
• "பாவம், நம்ம கடையிலேயே இருக்கட்டும்" என்று வேலைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். 14 வயதுக்குட்பட்டவரை வேலைக்கு வைத்தால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறையோ, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. 14 முதல் 18 வரை உள்ளவரை ஆபத்தான வேலையில் சேர்ப்பதும் குற்றம்.

2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, ஆதரவின்றி இருக்கும் குழந்தையைக் கண்டவர் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். தகவல் தருபவரை யாரும் குற்றவாளியாக்க மாட்டார்கள். தராமல் இருப்பதுதான் குற்றம். பிள்ளையை மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோவார்கள். அது ஜெயில் அல்ல, கோர்ட்டும் அல்ல. பிள்ளை என்ன சொல்கிறது என்று கேட்டு, வீடு பாதுகாப்பானதா என்று விசாரித்த பிறகே அனுப்புவார்கள்.

18 வயது தாண்டியவர்களுக்கு?

ஹாஸ்டலும் வேலையும் சேர்ந்தே இருக்கும் இடத்தில், வேலை போன அன்றே படுக்கவும் இடம் போய்விடும். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-இல் தொடங்கி 2014-இல் மூடியதை நாம் பார்த்தோம். வேலையிழந்த இளைஞருக்கு அறை கொடுத்தவர்கள் உடனே வெளியே அனுப்பாமல் சில நாள் தவணை தரலாம். சென்னையில் வீடற்றோருக்கு மாநகராட்சிக் காப்பகங்கள் உள்ளன. "வேலை போச்சு"ன்னு வீட்டுக்குச் சொல்லக் கூச்சப்படும் பிள்ளைக்கு, "பரவாயில்ல, வா" என்ற ஒரு வார்த்தை பெரிய பலம்.

பிள்ளை திரும்பி வந்ததும்

அடிக்காதீர்கள். அடித்தால் அடுத்த முறை இன்னும் தூரமாகப் போகும். குளிக்க வைத்து, சாப்பிட வைத்து, தூங்க விடுங்கள். கேள்வியெல்லாம் மறுநாள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்து வாருங்கள். காயம் இருந்தால் டெட்டனஸ் ஊசி, காய்ச்சல், தோல் நோய்க்கு மருந்து எல்லாம் இலவசம். பாலியல் கொடுமை நடந்திருந்தால், போலீஸ் புகார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவசர சிகிச்சை தர மறுக்கக் கூடாது என்பது போக்சோ விதி. பிறகு பள்ளியில் மீண்டும் சேர்த்துவிடுங்கள். எந்தக் காரணத்தால் போனதோ, அந்தக் காரணத்தை வீட்டிலிருந்து நீக்குங்கள். அது நீங்காவிட்டால் பிள்ளை வந்தது வந்ததாகாது.

நினைவில் வையுங்கள்

குழந்தைகள் உதவி: 1098
அவசர உதவி: 112
ரயில் உதவி: 139
மனநல ஆலோசனை: 14416

இந்தத் தாளைப் படித்தவர், படிக்காத ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். நான்கு எண்களையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள், பிள்ளைகளுக்கும் தெரியும்படி.