ஒரு போல்ட்தானே என்று விடலாமா?



குழுக்கடனில் பெட்ரோல் விசைத்தெளிப்பான் வாங்கி வாடகைக்கு விடும் குழு ஒன்றில் நடந்ததை முதலில் சொல்கிறோம். இன்ஜினின் அடிப்பெட்டியில், அதாவது கிராங்க் கேஸில், ஒரு போல்ட் அதிர்வில் கழன்று விழுந்துவிட்டது. வீட்டில் கிடந்த வேறொரு போல்ட்டைப் போட்டு முறுக்கினார்கள். "நல்லா இறுகிடுச்சு" என்று நம்பினார்கள். மூன்றாம் நாள் இன்ஜின் தோட்டத்திலேயே நின்றுவிட்டது. பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டது. மருந்தடிக்கிற நேரத்தில் வாடகை போச்சு. தவணை மட்டும் நிற்கவில்லை.

"ஆயில் கலக்காமல் ஓட்டினீர்களா?" என்றுதான் நாங்களும் கேட்டோம். ஆயில் சரியாகத்தான் கலந்திருந்தார்கள். பிறகு ஏன்?

காரணம் என்ன?

இது டூ ஸ்ட்ரோக் இன்ஜின். பிஸ்டன் மேலே போகும்போது அடிப்பெட்டி காற்றையும், ஆயில் கலந்த பெட்ரோலையும் கார்புரேட்டர் வழியாக உறிஞ்சுகிறது. அந்த ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வழவழப்பு தருகிறது. பெட்டியின் இணைப்பில் சந்து இருந்தால் வெறும் காற்றும் உள்ளே வரும். காற்று கூடினால் கலவை மெலியும், சூடு ஏறும், பிஸ்டன் பிடிக்கும்.

அவர்கள் போட்ட போல்ட் நீளம் அதிகம். அதன் நுனி துளையின் அடியில் போய் முட்டியது. கைக்கு இறுகினது போலத் தெரிந்தாலும், தலை பெட்டியை அழுத்தவே இல்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது?

* ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் வேகம் குறையாமல் இரைவது.
* இணைப்பு ஓரத்தில் ஆயில் கசிந்து தூசி ஒட்டியிருப்பது.
* பிளக்கின் முனை வெளுத்திருப்பது. இளம் பழுப்பு நிறம்தான் நல்லது.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஓட்டுவதை நிறுத்துங்கள்.

போல்ட் மாற்றும்போது

1. மருந்துத் தொட்டியைக் கழுவி, பெட்ரோலை வடித்துவிடுங்கள். பிளக் ஒயரைக் கழற்றுங்கள். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும்.
2. அதே நீளம், அதே தடிமன், அதே மரை உள்ள போல்ட்தான் வேண்டும். பழைய போல்ட்டைக் கடைக்குக் கொண்டு போங்கள்.
3. முதல் சில சுற்றுகளைக் கையால் ஏற்றுங்கள். ஸ்பேனரால் திணித்தால் அலுமினிய மரை போய்விடும்.
4. ஒரே போல்ட்டை முழுக்க இறுக்காதீர்கள். எல்லாவற்றையும் குறுக்கும் மறுக்குமாக, இரண்டு மூன்று தடவையில், கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். கடைசி இறுக்கம் கம்பெனிப் புத்தகத்தில் உள்ள அளவுப்படி இருக்கட்டும்.

இறுக்கிய பின்னும் கசிந்தால் மேலும் முறுக்காதீர்கள். கேஸ்கெட்டோ ஆயில் சீலோ போயிருக்கலாம். பெட்டியைப் பிரிப்பது மெக்கானிக் வேலை. பிரித்தால் புது கேஸ்கெட் போடச் சொல்லுங்கள். பழையதை ஸ்குரூடிரைவரால் சுரண்ட விடாதீர்கள். அந்தக் கீறல் வழியாகவும் காற்று போகும். வேலை முடிந்ததும், வாய்களை அடைத்து, லேசாகக் காற்றடித்து, சோப்பு நீர் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். குமிழி வந்தால் கசிவு இருக்கிறது.

"மெக்கானிக்கிட்ட நாம என்னத்த சொல்றது?" என்று தயங்க வேண்டாம். இயந்திரம் நம்முடையது, கடனும் நம்முடையது. கேட்கிற உரிமையும் நமக்கு உண்டு.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துப் பேசுங்கள். வாடகைக்கு அனுப்பும் முன் போல்ட்டுகளைப் பார்ப்பது யார் பொறுப்பு என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள்.