மணலில் ஓர் உலகம்

கேள்வி: தாத்தா காலமான பிறகு என் ஆறு வயது மகன் யாரோடும் அதிகம் பேசாமல், பொம்மையை மணலில் புதைப்பதும் எடுப்பதுமாகவே இருக்கிறான். தடுக்கலாமா?

பதில்: தடுக்க வேண்டாம், அம்மா. பெரியவர்களாகிய நாம் துக்கத்தை வார்த்தைகளால் ஆற்றிக்கொள்கிறோம். வார்த்தை இன்னும் கைவராத குழந்தையோ தன் மனப்பாரத்தைக் கைகளின் வழியாகவே இறக்கிவைக்கிறது. 1928-இல் லண்டனில் குழந்தைகளுக்கென ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கிய டாக்டர் மார்கரெட் லோவன்ஃபெல்ட் அம்மையார், ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் தம் புதல்வர்களோடு தரையில் ஆடிய ஆட்டங்களை வர்ணித்து 1911-இல் எழுதிய நூலை நினைவிற் கொண்டு, சின்னஞ்சிறு பொம்மைகளையும் மணல் தட்டையும் தண்ணீரையும் குழந்தைகள் முன் வைத்து, அவர்கள் சுயமாக அமைத்தவற்றுக்கு வியாக்கியானம் கூற அவசரப்படாமல் கவனித்து வந்தார். அவ்வாறு மணலில் அமைத்தவற்றுக்கு 'உலகம்' என்று நாமகரணம் செய்தவர்களும் அந்தக் குழந்தைகளே. எத்தனை பொருத்தமான பெயர்!

ஆகையால் தினமும் சற்று நேரம் அவனருகே தரையில் அமருங்கள். "ஏன் புதைக்கிறாய்?" என்று விசாரிக்காமல், "பொம்மை மண்ணுக்குள்ளே போய்விட்டது" என்று அவன் செய்வதை மட்டும் மெல்லச் சொல்லுங்கள். தாத்தாவைப் பற்றிக் கேட்டானானால், தூங்குகிறார் என்று மறைக்காமல் உண்மையையே கூறுங்கள். சில வாரங்கள் சென்றும் பேச்சோ, ஊணோ, உறக்கமோ பழைய நிலைக்குத் திரும்பாவிடில், குழந்தை மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தயங்காதீர்கள்.