தூண்டில் சங்கம் தொடங்கும் பிள்ளைகளுக்கு

மேட்டூர், ஜேடர்பாளையம், மோகனூர் என்று ஞாயிற்றுக்கிழமையானால் தூண்டிலோடு கிளம்பிவிடும் உங்கள் கூட்டம் சங்கமாகப் போகிறது என்று கேட்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம், கண்ணுகளா. யோசனை கேட்டீர்கள். நினைவுக்கு வருகிற வரிசையில் எழுதுகிறேன்.

1. தண்ணீரில் யாருக்கு உரிமை என்று முதலில் விசாரியுங்கள். மேட்டூர் நீர்த்தேக்கத்தில் மீன்வளத்துறையிடம் உரிமம் வாங்கிப் பரிசலில் வலை போடும் குடும்பங்களுக்கு அதுதான் சோறு. ஊர் ஏரி என்றால் மீன்பாசி ஏலம் எடுத்தவர் இருப்பார். கடன் வாங்கிக்கூடக் குஞ்சு விட்டிருப்பார். அவரைக் கேட்காமல் அங்கே கட்லா பிடிப்பது திருட்டு. பரிசல்காரரை உங்கள் கூட்டத்துக்கு அழைத்து நடுவில் உட்கார வையுங்கள். எந்த மடுவில் எந்த மாதம் எந்த மீன் நிற்கும் என்று அவரிடம்தான் நாம் படிக்க வேண்டும்.

2. புதிதாக வருபவர் மூங்கில் குச்சியோடு வரலாம், விலை உயர்ந்த ரீலோடும் வரலாம். இரண்டு பேருக்கும் ஒரே இடம், ஒரே மரியாதை. சாதி கேட்கும் பேச்சு கரையில் எழவே கூடாது. பெண்கள் வந்தால் கழிப்பறை பக்கத்தில் இருக்கும் கரையாகத் தேர்ந்தெடுங்கள். இதை யோசிக்காமல் "வாங்க வாங்க" என்பதால் ஒரு பயனும் இல்லை. முதல் நாள் வருபவருக்கு முள் கட்டும் முடிச்சைக் கற்றுத்தர ஒருவரை நியமியுங்கள்.

3. திருப்பி விடப்போகும் மீனைத் துன்புறுத்தாதீர்கள். முள்ளின் எதிர்ப்பல்லைக் குறடால் நசுக்கிவிட்டால் முள் சுலபமாகக் கழன்றுவிடும். கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். காய்ந்த கை பட்டால் மேலே இருக்கும் வழவழப்பு போய் நோய் பற்றும். வெயிலில் சுட்ட பாறையில் கிடத்தாதீர்கள். செவுளுக்குள் விரல் விடக்கூடாது. படம் எடுப்பதானால் மீன் தண்ணீருக்குள் இருக்கும்போதே கேமராவைத் தயார் செய்துகொள்ளுங்கள். விடும்போது தூக்கி எறியாமல், தலை நீரோட்டத்தைப் பார்த்திருக்க வயிற்றடியில் கை கொடுத்துப் பிடித்திருங்கள். வால் தானாக உதைத்துக் கையை விட்டு நழுவும். அதுவரை பொறுத்திருக்க வேண்டும்.

4. நோட்டு எழுதுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். இதே காவிரியில், மேட்டூருக்கு மேலே கர்நாடகப் பகுதியில், பெங்களூரில் 1972இல் தொடங்கிய தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் ஆற்றைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டு, பிடித்த மகசீரைத் திருப்பி விட்டு வந்தது. காலிபோரே முகாமில் தூண்டில் போட்டவர்கள் 1998 முதல் 2012 வரை எழுதி வைத்த பதிவேடுகளைப் பின்னர் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். மகசீர் நிறையவே கிடைத்தது. ஆனால் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மகசீர் பெருகியிருந்தது, காவிரிக்கே சொந்தமான திமில் மகசீர் அருகிக்கொண்டே போயிருந்தது. மொத்தமாக மீனை எண்ணியிருந்தால் ஆறு நன்றாக இருக்கிறது என்றே தோன்றியிருக்கும். அந்தத் திமில் மகசீர் 2018இல் அழியும் தறுவாயில் உள்ள உயிரினப் பட்டியலில் சேர்ந்தது. ஆகவே இடம், நேரம், எத்தனை தூண்டில், என்ன மீன், என்ன நீளம் எல்லாம் எழுதுங்கள். ஒன்றும் சிக்காத நாளைக் கட்டாயம் எழுதுங்கள். அது இல்லாத நோட்டு பொய்க்கணக்கு.

5. அதே காரணத்துக்காக, சங்கத்தின் சார்பில் எந்தக் குஞ்சையும் எந்த ஏரியிலும் விடாதீர்கள். அது மீன்வளத்துறை முடிவு செய்யும் வேலை. ஆப்பிரிக்கக் கெளுத்தி சிக்கினால் திரும்பத் தண்ணீருக்குள் போகக்கூடாது. ஜிலேபியும் 1952இல் இந்தியாவுக்கு வந்த விருந்தாளிதான், குழம்புக்கு ஆகட்டும்.

6. புது வெள்ளம் வரும்போது சினை மீன் எதிர்த்து ஏறும். தடுப்பணைக்குக் கீழே அவை முட்டி மோதி நிற்கிற இடத்தில் தூண்டில் போடுவதில் ஒரு திறமையும் இல்லை. அந்த வாரங்களில் கெளுத்தியோ கெண்டையோ வயிறு பருத்துச் சிக்கினால் விட்டுவிடுங்கள்.

7. அறுந்த தூண்டில் நரம்பைக் கரையில் போடாதீர்கள். நீர்க்காகத்தின் காலில் சுற்றினால் அது பட்டினியில்தான் சாகும். மைதா உருண்டை கொண்டுவந்த பை, தண்ணீர் பாட்டில், எல்லாம் உங்களோடு திரும்ப வேண்டும். மற்றவர்கள் போட்டதையும் கொஞ்சம் பொறுக்கி வாருங்கள்.

8. வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பது 1897ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். கண்ணில் பட்டால் அந்த இடத்தில் சண்டைக்கு நிற்காதீர்கள். மீன்வளத்துறைக்கும் காவல் நிலையத்துக்கும் சொல்லுங்கள்.

9. சங்கத்தைப் பதிய 7 பேர் இருந்தால் போதும். வரவு செலவை எல்லோர் முன்னிலையிலும் வாசியுங்கள்.

10. மேட்டூர் அணை 120 அடியை நெருங்குகிறது என்று செய்தி வந்தால் கீழே ஆற்றுப் பயணத்தை ரத்து செய்யுங்கள். 16 கண் மதகு திறந்தால் பூலாம்பட்டி, குமாரபாளையம், பள்ளிபாளையம் என்று கரை முழுக்க எச்சரிக்கை போகும்; அதைக் கேட்ட பிறகும் ஆற்றின் நடுப்பாறையில் உட்கார்ந்திருக்கும் ஆள் எவ்வளவு பெரிய கெட்டிக்காரராக இருந்தாலும் சங்கத்தில் வேண்டாம். மற்ற நாட்களிலும் நீர்மட்டம் சட்டென்று ஏறும். சந்தா சேர்ந்ததும் பேனர் அடிக்கப் போகாமல் முதலில் உயிர்காப்புச் சட்டைகளும் ஒரு நீளமான கயிறும் வாங்குங்கள். சிறுவர்கள் அளவிலும் இரண்டு வாங்கி வையுங்கள்.