நோட்டுக்குள் ஒரு நோட்டு



‘கிட்’ என்ற மென்பொருள் தெரியுமா? 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கினார். நாம் எழுதும் நிரலில் எதை எப்போது மாற்றினோம் என்று கணக்கு வைத்திருக்கும். அந்தக் கணக்கு உள்ள ஃபோல்டருக்கு ‘ரெப்போ’ என்று பெயர். சேமித்த ஒவ்வொரு மாற்றமும் ஒரு ‘கமிட்’. ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு.

அறிவியல் கண்காட்சிக்கு நான் மரங்களைப் பற்றி ஒரு பக்கம் செய்தேன். என் தோழி வினாடி வினா செய்தாள். அவளுடைய ரெப்போவை என்னுடையதுக்குள் வைத்தோம். இதற்குப் பெயர் ‘சப்மாட்யூல்’. எல்லாம் எங்கள் அக்காவின் மடிக்கணினியில் செய்தது.

கண்காட்சி அன்று பள்ளிக் கணினியில் இறக்கினால், தோழியின் ஃபோல்டர் காலி! அக்காவுக்கு போன் போட்டோம். ஒரு கட்டளை சொன்னாங்க. அதைப் போட்டால், அந்தக் கமிட்டே இல்லை என்று பிழை வந்தது. என் பக்கம் மட்டும் ஓடியது. தோழி அன்று முழுக்க என்னோடு பேசவே இல்லை.

காரணம் என்ன? வெளி ரெப்போ, உள் ரெப்போவைத் தனக்குள் வைத்துக்கொள்வது இல்லை. அதன் முகவரியையும் ஒரு கமிட் எண்ணையும்தான் குறித்து வைக்கும். ‘அறிவியல் நோட்டு, 42-ம் பக்கம் பார்க்க’ என்று கணக்கு நோட்டில் எழுதுகிற மாதிரி. அந்த நோட்டு வீட்டில் இருந்தால் பள்ளியில் எப்படிப் பார்ப்பது? நான் வெளியே உள்ளதை மட்டும் ‘புஷ்’ செய்து இணையத்துக்கு அனுப்பினேன். தோழியின் புதிய கமிட் மடிக்கணினியிலேயே தங்கிவிட்டது.

இனி செய்ய வேண்டியவை (கணினியில் ஆங்கில எழுத்தில் தட்டணும்):

1. உள்ளே சேர்க்க: கிட் சப்மாட்யூல் ஆட், பிறகு முகவரி.

2. முதல் தடவை இறக்க: கிட் க்ளோன் --ரிகர்ஸ்-சப்மாட்யூல்ஸ், பிறகு முகவரி.

3. ஃபோல்டர் காலியாக இருந்தால்: கிட் சப்மாட்யூல் அப்டேட் --இனிட் --ரிகர்சிவ்.

மூன்றாவது ரொம்ப நீளம். அதற்கு ஒரு செல்லப்பெயர் வைக்கலாம்:

கிட் கான்ஃபிக் --குளோபல் அலையாஸ்.உள்ளே "சப்மாட்யூல் அப்டேட் --இனிட் --ரிகர்சிவ்"

இதை ஒரு தடவை போட்டால் போதும். பிறகு ‘கிட் உள்ளே’ என்று தட்டினாலே வேலை முடிந்தது!

அனுப்பும்போது உள்ளே உள்ளது முதலில், வெளியே உள்ளது பிறகு. மறதிக்காரர்களுக்கு (என்னைப் போல) இது:

கிட் கான்ஃபிக் --குளோபல் புஷ்.ரிகர்ஸ்சப்மாட்யூல்ஸ் ஆன்-டிமாண்ட்

இப்போது வெளியே புஷ் செய்தால், உள்ளே மாறியதையும் கிட்டே அனுப்பிவிடும்.

கவனம்! மூன்றாவது கட்டளைக்குப் பிறகு உள் ரெப்போ எந்தக் கிளையிலும் இருக்காது. உள்ளே போய் ‘கிட் செக்அவுட் மெயின்’ போட்ட பிறகே திருத்தணும். இல்லைன்னா எழுதியது தொலைந்த மாதிரி ஆயிடும். செல்லப்பெயரும் அந்த ஒரு கணினிக்கு மட்டும்தான். வேறு கணினியில் மறுபடி வைக்கணும்.

மறுநாள் பள்ளிக் கணினியில் ‘கிட் உள்ளே’ தட்டினேன். பத்துக் கேள்வியும் வந்தது. முதல் கேள்விக்குப் பதில் சொன்னது நான்தான். தப்பான பதில். தோழி சிரித்துவிட்டாள்!



— ஒன்பதாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி