போடி மலைமண்ணுக்கு எந்தச் சோதனை?

பொட்டிப்புரம் அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. போடிப் பக்கத்து மக்களுக்குக் கதிர்வீச்சு பற்றிய அச்சம் இருக்கிறது. அங்கே வைக்கத் திட்டமிட்ட 50,000 டன் இரும்புக் கருவி நியூட்ரினோவைப் பதிவு செய்யுமே தவிர, கதிர்வீச்சை உமிழாது. ஆனாலும், நம் மண்ணில் இன்று என்ன இருக்கிறது என்று அளந்து எழுதி வைக்கச் சொல்வது முழுக்க நியாயமான கோரிக்கை. அதற்கு எந்தச் சோதனை?

எதைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது அது. காமா நிறமாலைமானி, சிதையும் அணுக்களை மட்டுமே காணும். நிறை நிறமாலைமானி, சிதைகிறதோ இல்லையோ, அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து எண்ணிவிடும்.

யுரேனியம்-238இன் அரையாயுள் 447 கோடி ஆண்டு. கிலோ மண்ணில் ஒரு மில்லிகிராம் இருந்தால் நொடிக்குச் சுமார் 12 அணுக்களே சிதையும். இதற்கு ஐ.சி.பி.-எம்.எஸ். என்னும் நிறை நிறமாலைமானிதான் சரி. சீசியம்-137 நேர்மாறு, அரையாயுள் 30 ஆண்டுதான். கிலோவுக்கு 10 பெக்கரல், அதாவது நொடிக்குப் பத்துச் சிதைவு என்றால், இருக்கும் சீசியம் ஒரு கிராமை லட்சம் கோடி கூறாக்கி அதில் மூன்று கூறுதான். போதாக்குறைக்கு, மண்ணில் தாராளமாக உள்ள பேரியம்-137க்கும் அதே நிறை. சீசியத்துக்குக் காமாவைத்தான் நம்ப வேண்டும்.

யுரேனியத்தையும் காமாவிலேயே பார்க்கலாம் என்பார்கள். மண்ணை ஏறக்குறைய ஒரு மாதம் காற்றுப் புகாமல் மூடிவைத்து, ரேடியத்தின் வழித்தோன்றல்களை அளந்து கணக்கிடும் முறை அது. ஏலத்தோட்டச் சரிவில் இதை நான் முழுதாக நம்பமாட்டேன். மழை யுரேனியத்தைக் கரைத்துக்கொண்டு போய் ரேடியத்தை விட்டுவிட்டால், கணக்கு கூடுதலாக வரும். ஐ.சி.பி.-எம்.எஸ்.ஸிலும் ஒரு கண்ணி உண்டு. நைட்ரிக் அமிலத்தில் மட்டும் மண்ணைக் கரைத்தால் சிர்க்கான், மோனசைட் கனிம மணிகள் கரையாமல் தங்கிவிடும்; யுரேனியமும் தோரியமும் குறைவாகத் தெரியும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் சேர்த்தீர்களா, போரேட்டோடு உருக்கிக் கரைத்தீர்களா என்று கேளுங்கள். இரண்டு ஆய்வகங்களின் எண்கள் முரண்பட்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

புளூட்டோனியம் எங்கிருந்து வந்தது என்பது கேள்வியானால் நிறை நிறமாலைமானிக்கு மாற்று அரிது. 239, 240 இரண்டையும் ஆல்ஃபா கதிர்களை அளக்கும் முறை எளிதில் பிரிக்காது. பழைய அணுகுண்டுச் சோதனைகளின் படிவில் 239க்கு 240இன் விகிதம் சுமார் 0.18. ஆனால் யுரேனியத்தை முதலில் வேதிமுறையில் அகற்றியாக வேண்டும். ஹைட்ரஜனோடு சேர்ந்த யுரேனியம்-238, நிறை 239ஆகவே தோன்றும்.

என் பரிந்துரை: முதலில் காமா, அதே மண்ணில் ஐ.சி.பி.-எம்.எஸ்.ஸில் யுரேனியம், தோரியம். புளூட்டோனியம், சந்தேகத்துக்குக் காரணம் இருந்தால் மட்டும்.

மண் எடுக்கும்போது உரம் விழுந்த ஏலத்தூர் மண்ணைத் தனியாகவும், உரமே படாத சோலை மண்ணைத் தனியாகவும் எடுங்கள். பாஸ்பேட் உரத்துக்கு மூலமான பாறையில் இயல்பாகவே யுரேனியம் உண்டு. ஆழத்தையும் இடத்தையும் குறித்து, மீதி மண்ணை உலர்த்திப் புட்டியில் பத்திரப்படுத்துங்கள். பின்னால் யார் கேட்டாலும் மறுசோதனைக்குக் கொடுக்கலாம்.